ஏழாவது அட்டையில் ஒரு தையல் மிஷின்

இதைப் படிப்பவர்கள் ஒரு நிமிடம் எழுந்து நின்றால் நல்லது. மனித மனத்தின் ஆழம் அளக்கப்பட்டுவிட்டது. அளந்த கருவி ஒரு சொட்டு மை. காகிதத்தில் மையைச் சிந்தி, இரண்டாக மடித்துப் பிரித்தால், இருபக்கமும் ஒன்றுபோல ஒரு கறை கிடைக்கும். அப்படிப் பத்துக் கறைகள், பத்து அட்டைகளில். எதிரே ஒருவரை உட்காரவைத்து, "இது என்ன மாதிரி தெரியுது?" என்று கேட்க வேண்டும். அவர் வௌவால் என்பார், வண்ணத்துப்பூச்சி என்பார், ஒன்றுமே தெரியவில்லை என்பார். சொன்னதைச் சொன்னபடி எழுதி, எண்ணி, கூட்டிக் கழித்தால், அவர் யார் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இப்பேர்ப்பட்ட முன்னேற்றம் எட்டிய ஒரு நகரத்தில்தான், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு பெண்மணி கையில் பழுப்பு உறையோடு பிழைதிருத்தியின் வீட்டுக்கு வந்தாள்.

பிழைதிருத்தி இருபத்தாறு வருடம் அச்சகத்தில் வேலை பார்த்தவர். அவர் கண் கெடுவதற்கு முன் அச்சகம் கெட்டுப்போனது. அதன்பின் எழுத்துப் பிழைகளை விட்டுவிட்டு மனிதர்கள் செய்யும் பிழைகளைப் பார்க்க ஆரம்பித்தார். இவற்றைத் திருத்த முடியாது, கண்டுபிடிக்கலாம், அவ்வளவுதான். அவருக்குத் துணை அவருடைய மைத்துனர். தண்ணீர் ஃபில்டர் விற்பவர். விற்பனை நேரம் போக மீதி நேரத்தில், அதாவது நாள் முழுவதும், அத்தானோடு துப்பறிவார்.

"என் வீட்டுக்காரர் ஸ்கூல் பஸ் ஓட்டினாரு சார். பத்தொம்பது வருஷம்," என்றாள் அவள். "செத்துப் போய் நாப்பத்தோரு நாள் ஆச்சு."

"கொலையா?" என்றார் மைத்துனர். குரலில் அனுதாபமும் ஆவலும் சரிபாதியாக இருந்தன.

"மாப்ளே," என்றார் பிழைதிருத்தி. அவ்வளவுதான் சொன்னார். மைத்துனர் பேனாவை மூடிக்கொண்டார்.

"கொலையெல்லாம் இல்லீங்க. கடைசி மூணு மாசம் ஒரு குடோன்ல மூட்டை தூக்கினாரு. மத்தியானம் சாப்பிட உக்காந்தவரு எந்திரிக்கல. டாக்டர் மாரடைப்புன்னாரு."

"அப்ப நாங்க என்னம்மா கண்டுபிடிக்கணும்?"

"அவரு எப்படிப்பட்டவருன்னு," என்றாள். "பதினாலு வருஷம் கூட இருந்தேன். எனக்குத் தெரியல."

உறைக்குள் மூன்று காகிதங்கள். முதலாவது, பள்ளி நிர்வாகத்தின் வேலைநீக்கக் கடிதம். இரண்டாவது, 'மனத்திறன் ஆய்வு நிலையம்' கொடுத்த அறிக்கை. பள்ளி தன் டிரைவர்கள் அறுவரையும் அங்கே அனுப்பிச் சோதித்திருந்தது. ஐவர் தேறினார்கள். ஆறாமவரைப் பற்றி அறிக்கை இப்படிச் சொன்னது:

'இவரது ஆழ்மனத்தில் அடக்கிவைத்த வன்மம் உள்ளது. எட்டாவது அட்டையில் சிவப்பாக ரத்தம் கழுவிய நீரையும், ஒன்பதாவதில் பெல்ட்டை ஓங்கிய பெரிய மனிதரையும் கண்டிருக்கிறார். ஏழாவது அட்டையில், தையல் மிஷினின் மிதிபலகைக்குக் கீழே உட்கார்ந்து, முகமில்லாத தாயைப் பார்க்கிறார். தாயின் முகத்தையே மனத்திலிருந்து அழித்துவிட்ட இவர் குழந்தைகளின் அருகில் இருக்கத் தகுதியற்றவர்.'

"அந்த ஏழாவதுதான் சார்," என்றாள் டிரைவரின் மனைவி. "ரத்தம், பெல்ட்டுன்னு எழுதினதைக்கூட நான் நம்பல. எறும்பு போனாக்கூட தாண்டிப் போற மனுஷன். ஆனா அம்மா மேட்டர் இருக்கு பாருங்க. ஆசிரமத்துல வளர்ந்தவர், பொறந்தப்பவே அம்மா போயிட்டாங்கன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தாரு. இங்க பாத்தா அம்மா இருக்காங்க, தையல் மிஷின் இருக்கு, அடியில இவர் உக்காந்திருக்காரு. பதினாலு வருஷமா இதை மறைச்சவரு வேற என்னல்லாம் மறைச்சிருப்பாரு?"

"நீங்க அவரைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். 'நான் அப்படிச் சொல்லலை'ன்னாரு. ஒரே ஒரு தடவை. அவரு அதிகம் பேசற ஆளு இல்ல. நிலையத்துக்கும் அதையே ஒரு வரி எழுதிப் போட்டாரு. அதுக்கு வந்த பதில்தான் மூணாவது காயிதம்."

மூன்றாவது காகிதத்தில் இருந்ததும் ஒரே வரிதான். 'தம் பதில்களைத் தாமே மறுப்பது, அவற்றை மனம் அடக்கி வைத்திருப்பதன் உறுதியான அறிகுறியாகும்.'

"அடேங்கப்பா," என்றார் மைத்துனர். "ஆமான்னாலும் மாட்டிக்கிட்டான், இல்லன்னாலும் மாட்டிக்கிட்டான்."

அவள் சிரிக்கவில்லை. உறையின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்கு ஒரு பொண்ணு. பதினோரு வயசு. அவர் பஸ்லயேதான் ஸ்கூலுக்குப் போவா. இந்தக் காயிதம் வந்த வாரம் நான் அவளை என் அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன். ஸ்கூலையும் மாத்திட்டேன். பையைத் தூக்கிட்டுப் போய் ஏத்தி விட்டதே அவருதான் சார். ஏன்னு கேக்கல. அதுக்கப்புறம் அவ அவரைப் பாக்கவே இல்ல. இப்ப அவ கேக்கறா, அப்பாவை ஏன் பாக்க விடலன்னு. நான் என்ன சொல்றது? அவரு தப்பானவருன்னா நான் பொண்ணைக் காப்பாத்தியிருக்கேன். இல்லன்னா..."

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. வாக்கியம் முடியாமல் நின்றால் உடனே பேனா எடுக்கும் பிழைதிருத்தி, அன்று எடுக்கவில்லை.

*

மனத்திறன் ஆய்வு நிலையத்தின் வரவேற்பறையில் ஐந்து நாற்காலிகளும் ஒரே ஒரு வாசிப்புப் பொருளும் இருந்தன. அது இயக்குநருக்கு நடந்த பாராட்டு விழாவின் மலர். 'மனங்களின் மாலுமி' என்ற பட்டம், சால்வை, பதினெட்டு புகைப்படங்கள், பதினெட்டிலும் அதே சால்வை. மைத்துனர் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார்:

"'வறுமையே இவரது வகுப்பறை. அன்னையின் தையல் இயந்திரத்து மிதிபலகையே இவரது முதல் கரும்பலகை. அதன் அடியில் அமர்ந்துதான்...' அத்தான், கரும்பலகைக்கு அடியில உக்காந்தா எப்படி எழுதறது?"

"விழா என்னைக்கு நடந்துச்சுன்னு பாருங்க மாப்ளே."

மைத்துனர் தேதியைப் படித்தார். பிழைதிருத்தி உறையிலிருந்த அறிக்கையை எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு மடித்து வைத்தார்.

இயக்குநர் வாயைத் திறந்தாலே மேடை போட்டதுபோல் இருந்தது. டிரைவர் மனைவியின் சம்மதக் கடிதத்தைப் படித்தார். "விஞ்ஞானத்திற்கு ஒளிவுமறைவு கிடையாது. பதிவு முழுவதையும் தாங்கள் பார்வையிடலாம்," என்றார். அவர் நாற்காலிக்குப் பின்னால், சுவரில், பூட்டிய கண்ணாடிப் பெட்டி. உள்ளே பத்து அட்டைகள் வரிசையாக நின்றன. பாதி கறுப்பு. இரண்டாவதிலும் மூன்றாவதிலும், மை சிந்தியவருக்கே காயம் பட்டதுபோல, பளிச்சென்ற சிவப்பு. கடைசி மூன்றிலும் ரோஸ், நீலம், ஆரஞ்சு என்று ஒரு வண்ணக் களேபரம்.

"என் ஆசான் ஓய்வுபெற்ற நாளில் தம் கையால் எனக்களித்த அட்டைகள். அவரிடம் நாங்கள் ஐந்து மாணவர்கள் பயின்றோம். எங்களைச் சோதித்தவையும் இவையே. இருபத்தெட்டு ஆண்டுகளாக இப்பெட்டி திறக்கப்பட்டதில்லை. வெயில்கூடப் பட அனுமதிப்பதில்லை."

"யாரும் கையில எடுத்ததே இல்லையா?"

"தெய்வ விக்கிரகத்தை யாராவது கையில் எடுத்து விளையாடுவார்களா?"

சோதனை அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அங்கே இருந்த பரிசோதகப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். டைப்பிங் தெரியும், ஒரு மாதப் பயிற்சி, ஆறு வருட அனுபவம். பதில்களை எழுதுவது அவள் வேலை. அர்த்தம் சொல்வது இயக்குநர் வேலை. அவள் இழுப்பறையைத் திறந்தபோது, கயிறு கட்டிய ஒரு பழைய காகிதக் கட்டு தெரிந்தது: 'பயிற்சிப் பதிவுகள், எண் 1 முதல் 5 வரை.'

"எனக்கு ஒரு தடவை வெச்சுப் பாருங்களேன்," என்றார் மைத்துனர், தன் ஆழ்மனத்தின் மேல் அபார நம்பிக்கையோடு.

அவள் அட்டைகளை ஒவ்வொன்றாக நீட்டினாள். பிளாஸ்டிக் உறை ஓரங்களில் உரிந்து, கட்டைவிரல் பட்ட இடத்தில் அழுக்கேறியிருந்தது. முதலாவதில் மைத்துனர் அடைத்துப்போன ஃபில்டரைப் பார்த்தார். இரண்டாவதில் அடைப்பு எடுக்காத ஃபில்டரைப் பார்த்தார். நாலாவதில் ஃபில்டர் வாங்காதவர்களின் குடல். பத்து வரைக்கும் ஒரே சாம்பல் மேகம். மழை மட்டும்தான் பெய்யவில்லை.

"எல்லாத்தையும் எழுதிக்கிட்டியாம்மா?"

"எழுதணும் சார். அட்டையைத் திருப்பினா அதையும் குறிக்கணும். நேரா பிடிச்சா ஓரத்துல இப்படி ஒரு முக்கோணக் குறி, கூர் மேல, தலைகீழா பிடிச்சா கூர் கீழ." அடித்து, மேலே எழுதி, மறுபடி அடித்து, அவள் எழுதிய பக்கம் போர்க்களம்போல் இருந்தது. "நீங்க வேகமா பேசறீங்க. பேசறதைக் கேட்டு எழுதினா இப்படித்தான் ஆகும்."

பிழைதிருத்தி டிரைவரின் பதிவை மேசைமேல் விரித்திருந்தார். அவர் விரல் வரிவரியாகப் போனது. மூன்றாவது அட்டையின் கடைசி வரியில் நின்றது. அங்கே நெடுநேரம் நின்றது.

முதல் பக்கத்தில் அடித்தல், திருத்தல், காகிதத்தின் மறுபக்கம் வரை அழுந்திய பேனா. அதில் மூன்று அட்டைகளுக்கான பதில்கள். நாலாவது அட்டையிலிருந்து எழுத்து கல்யாணப் பத்திரிகைபோல அழகாக ஓடியது. ஒரு அடித்தல் இல்லை. ஏழாவதற்கும் எட்டாவதற்கும் கூர் கீழ்நோக்கி இருந்தது. அடியில்: 'ஆரம்பம் 1.20. முடிவு 2.55.'

"காலையில பதினோரு மணிக்கு நேரம் குடுத்ததாத்தானே மேல எழுதியிருக்கு?" என்றார் பிழைதிருத்தி.

பெண் தலை நிமிரவில்லை. "அன்னைக்கு விழா சார். இந்த அறையிலதான் சால்வை, மாலையெல்லாம் வெச்சிருந்தாங்க. எடுக்க நேரமாயிடுச்சு."

*

பள்ளிக்கு அங்கிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். வாயிற்காவலர் ஒரு நீளமான நோட்டைக் காட்டினார். எந்த வண்டி எப்போது வாசலுக்கு வந்தது, ஓட்டியவர் கையெழுத்து. விழா நடந்த அந்தத் தேதியில், வண்டி எண் நாலு: 2.10. பக்கத்தில் டிரைவரின் கையெழுத்து, குழந்தை போட்டதுபோல உருண்டையாக.

"ரெண்டு பத்துக்கு பெல் சார்," என்றார் காவலர். "பெல்லுக்கும் அவர் ஹாரனுக்கும் எது முன்னாடின்னு எங்களுக்குள்ள பந்தயமே நடக்கும். வேலையை விட்டு எடுத்தப்புறமும் தினம் வருவாரு. எதிர் பிளாட்பாரத்துல நின்னுட்டு, பசங்க ஏறி வண்டி கிளம்பினதும் போயிடுவாரு. குடோன்ல சாப்பாட்டு நேரத்தை இதுக்குன்னு தள்ளிப் போட்டுக்கிட்டாராம்."

"பேசுவாரா?"

"இல்ல. எண்ணுவாரு. உதடு அசையும். நாப்பத்திரண்டு புள்ளைங்க அந்த வண்டியில." காவலர் நோட்டை மூடினார். "மேலிடத்துலேர்ந்து சொன்னாங்க, அந்த ஆள் குழந்தைங்க பக்கத்துல நிக்கக் கூடாது, ரிப்போர்ட் அப்படின்னு. நான்தான் சார் துரத்தினேன். அதுக்கடுத்த வாரம் போயிட்டாரு."

திரும்பி வரும்போது மைத்துனர் தெரு முனை வரை பேசாமல் வந்தார். அவர் வாழ்க்கையில் அது ஒரு சாதனை. பிறகு, "அத்தான், எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ரெண்டு பத்துக்கு ஸ்கூல்ல இருந்தவர் ரெண்டு அம்பத்தஞ்சுக்கு நிலையத்துல இருக்க முடியாது. பதிவு பொய். அந்த நிலையத்து டாக்டருக்கும் டிரைவருக்கும் ஏதோ பழைய பகை!"

"பகை இருந்தா ஆறுதலா இருந்திருக்கும் மாப்ளே," என்றார் பிழைதிருத்தி.

*

மறுநாள் இயக்குநரின் அறையில் ஐந்து பேர் கூடினார்கள். இயக்குநர், பரிசோதகப் பெண், டிரைவரின் மனைவி, பிழைதிருத்தி, மைத்துனர். பள்ளித் தாளாளரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் முக்கியமான கூட்டத்தில் இருப்பதாகச் செய்தி அனுப்பினார். கூட்டத்தின் பொருள் 'குழந்தைகளின் பாதுகாப்பு'.

"டாக்டர், இந்தக் கறைச் சோதனை மேல எனக்குக் குறை இல்ல," என்று ஆரம்பித்தார் பிழைதிருத்தி. "நிதானமா, முழுசா செஞ்சு, வேற விஷயங்களையும் சேத்துப் பாக்கறவங்க கையில அது ஏதாவது சொல்லும். ஆனா அதுக்கு முதல்ல அந்த ஆள் பேசியிருக்கணும். இந்தப் பதிவுல டிரைவர் மூணு அட்டைக்குத்தான் பேசியிருக்காரு. மீதி ஏழும் வேற ஒருத்தர்."

"இது அபாண்டம்!"

"ரெண்டு பத்துக்கு அவரு ஸ்கூல் வாசல்ல கையெழுத்துப் போட்டிருக்காரு. இங்கேர்ந்து இருபது நிமிஷம். ஒண்ணே முக்காலுக்காவது எழுந்திருக்கணும். இருபத்தஞ்சு நிமிஷத்துல மூணு அட்டை. கணக்கு சரியா வருது. முதல் பக்கம் கேட்டு எழுதினது. அடித்தல் திருத்தல் இருக்கு. அப்புறம் வர்றது பாத்து எழுதினது. இருபத்தாறு வருஷமா ரெண்டையும் பாத்திருக்கேன்."

பரிசோதகப் பெண் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"எதைப் பாத்து எழுதினது? எட்டாவது அட்டையில சிவப்புன்னு இருக்கு. கீழ அறையில இருக்கற அட்டை பத்தும் சாம்பல். கறுப்பு வெள்ளையில நகல் எடுத்தது. அந்த அறையில உக்காந்து சிவப்பைப் பாக்க ஆண்டவனாலகூட ஆகாது."

இயக்குநர் வாயைத் திறந்தார். மேடை ஏதும் எழவில்லை.

"கலர் அட்டை இந்தக் கண்ணாடிப் பெட்டியிலதான் இருக்கு. ஆனா இவரு ஏழாவதையும் எட்டாவதையும் தலைகீழா திருப்பிப் பாத்திருக்காரு. பெட்டிக்குள்ள இருக்கறதைத் திருப்ப முடியாது. அப்ப இந்தப் பதில் இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி, இந்த அட்டைங்களைக் கையில வாங்கின ஒருத்தர் சொன்னது." பிழைதிருத்தி பெண்ணின் பக்கம் திரும்பினார். "பயிற்சிக் கட்டை எடுத்துட்டு வந்தீங்களாம்மா?"

கட்டு அவள் மடியில்தான் இருந்தது.

"அவருக்கு நல்லது செய்யறதா நெனச்சேன் சார்," என்றாள். அழுகையில் சொற்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. "மூணு அட்டை ஆனதும் மணியைப் பாத்தாரு. 'புள்ளைங்க வெயில்ல நிக்கும்மா, விட்டுட்டு வந்து மீதியைப் பாக்கறேன்'னு எழுந்தாரு. அவரு திரும்பி வர்றதுக்குள்ள நிலையத்தைப் பூட்டிட்டாங்க, விழாவுக்கு எல்லாரையும் வரச் சொல்லிட்டாங்க. பாதியில போனவங்களை 'ஒத்துழைக்கவில்லை'ன்னு எழுதுவாங்க, வேலை போயிடும். அதான் கட்டுலேர்ந்து ஒரு பதிவை எடுத்து மீதியைப் பூர்த்தி பண்ணேன். பயிற்சிக்குன்னு நிலையமே வெச்சிருக்கற பதிவு. நல்ல பதிவாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அர்த்தம் எனக்குத் தெரியாது சார், நான் எழுதறவ மட்டும்தான்."

டிரைவரின் மனைவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அறைக்குள் எல்லோரும் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார்கள்.

"எந்த எண்?" என்றார் பிழைதிருத்தி.

"மூணு."

"டாக்டர், உங்க ஆசான் அஞ்சு மாணவங்களைச் சோதிச்சு, பேரு போடாம எண் போட்டு வெச்சதுதான் இந்தக் கட்டு. மூணாவது ஆளு சின்ன வயசுல தையல் மிஷின் மிதிபலகைக்கு அடியில உக்காந்திருந்தவரு. உங்க விழா மலர்ல ரெண்டாம் பக்கம் பாருங்க."

இயக்குநர் காகிதத்தைக் கையில் வாங்கினார். தன் குரலையே டேப்பில் கேட்டுவிட்டு யார் இது என்று திரும்பிப் பார்ப்பவரைப்போல் இருந்தது அவர் முகம்.

"இது... இது என்னுடையதல்ல."

"மறுக்கறதே அறிகுறின்னு நீங்கதானே சார் எழுதியிருந்தீங்க?" என்றார் மைத்துனர். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது. ஏனென்றால் இயக்குநர் உட்கார்ந்துவிட்டார். சால்வைகளும் பட்டமும் அவரிடமிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுவதுபோல் இருந்தது. பேசினபோது, வீட்டில் பேசுகிற தமிழ் வந்தது.

"அம்மா திரும்பவே மாட்டா," என்றார். "அப்பா பெல்ட்டைக் கழட்டினார்னா நான் மிஷினுக்கு அடியில பூந்துக்குவேன். மேல மிஷின் ஓடிக்கிட்டே இருக்கும். அவ நிறுத்தினா அவளுக்கும் விழும்." காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்னால் இன்னும் ஏதாவது இருக்குமோ என்பதுபோல. "குழந்தைங்க பக்கத்துல இருக்கக் கூடாதுன்னு எழுதிட்டேனே."

"அதுவும் தப்பாத்தான் எழுதியிருக்கீங்க," என்றார் பிழைதிருத்தி. "இதுல பேசறது அடிக்கறவன் இல்ல டாக்டர். அடி வாங்கின ஒரு பையன்தான் இருக்கான்."

மைத்துனர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஃபில்டர் விற்பவர்களுக்கும் கண்ணில் தூசி விழும்.

டிரைவரின் மனைவி அன்று முதன்முறையாகப் பேசினாள். "அப்ப அவருக்கு அம்மா முகம் தெரியாதுன்னது?"

"நிஜந்தாம்மா. உங்ககிட்ட அவர் எதையும் மறைக்கல."

அவள் தலையை ஆட்டினாள். கேட்டு வந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. முடிக்காமல் விட்ட அந்த வாக்கியம் அவளுக்குள் இப்போது முடிந்துகொண்டிருந்தது. அதை நிறுத்த யாராலும் முடியவில்லை.

"அந்த மூணு அட்டை?" என்றாள் கடைசியில். "அதுலயாவது அவரு சொன்னது இருக்கா?"

பிழைதிருத்தி முதல் பக்கத்தை எடுத்து வாசித்தார். எப்போதும்போல் நிதானமாகத்தான் வாசித்தார். ஆனால் மூக்குக் கண்ணாடியை இரண்டு தடவை கழற்றி மாட்டினார்.

"ஒண்ணாவது: வௌவாலு. இல்ல, தப்பா சொல்லிட்டேனா? வௌவாலேதான்.

"ரெண்டாவது: ரெண்டு புள்ளைங்க உள்ளங்கையைத் தட்டி விளையாடுதுங்க. பஸ்ஸுல இப்படித்தான் விளையாடும்.

"மூணாவது: ரெண்டு பேர் குனிஞ்சு ஏதோ தூக்கறாங்க. புஸ்தகப் பையா இருக்கும். ரொம்ப கனம்மா. இந்தச் சின்னதுங்க எப்படித்தான் தூக்குதுங்களோ."

அந்தப் பக்கத்தைத் தனக்குத் தரும்படி அவள் கேட்டாள். நிலையத்தின் விதிப்படி பதிவுகளை வெளியே தரக்கூடாது. இயக்குநர் தாமே எடுத்துக் கொடுத்தார்.

*

அக்கா வீட்டுக்கு அவளோடு மைத்துனரும் போனார். தனியாகப் போகமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அத்தான்தான், "நீங்களும் போங்க மாப்ளே, வழியில எதையாவது பேசிட்டே இருங்க," என்று அனுப்பினார். வழி முழுக்க மைத்துனருக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

பெண் குழந்தை வராந்தாவில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. அம்மா அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதை மூன்று முறை ஆரம்பித்தாள். கடைசியில் அந்தக் காகிதத்தை மட்டும் நீட்டினாள்.

குழந்தை படித்தது. "இது அந்த பூச்சாண்டி படங்களைப் பத்திதானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா சொன்னாரே. அதுக்கு அடுத்த நாள் நான் முன் சீட்ல இருந்தேன். 'ஒரு அக்கா பத்து பூச்சாண்டி வெச்சிருக்கு, மூணு பாத்தேன், மணி ஆயிடுச்சேன்னு ஓடி வந்துட்டேன், மீதி ஏழு பூச்சாண்டிக்கும் என்னைப் பாக்கற யோகம் இல்ல'ன்னாரு. எல்லாரும் சிரிச்சோம்."

மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை, கண்ணாடிப் பெட்டி, காவலரின் நோட்டு, அத்தானின் இருபத்தாறு வருட அனுபவம், எல்லாம் மைத்துனரின் கண்முன்னே வரிசையாக நின்றன.

"நீ ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?" என்றார்.

"என்னை யாருமே கேக்கலையே மாமா," என்றது குழந்தை. பிறகு அம்மாவைப் பார்த்தது. "அதுக்கா என்னை இங்க அனுப்பினே?"

அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். குழந்தை அழவில்லை. காகிதத்தைக் கோணலில்லாமல் நாலாக மடித்து, தன் புத்தகப் பையின் அடியில், கனமான புத்தகங்களுக்கும் கீழே வைத்தது.

அடுத்த மாதம் நிலையம் தன் அட்டைகளை மாற்றியது. இப்போது கலரில் நகல் எடுக்கிறார்கள்.